காற்றுக்காலத்துக் கரை

சும்மா தருகிறேன் என்று யாராவது வந்தால் நான் கொடுக்கிற கையைப் பார்க்கமாட்டேன். மற்றக் கையைத்தான் பார்ப்பேன். அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தெரிந்தபிறகுதான் வாங்குவதா விடுவதா என்ற பேச்சு.

ஓட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆலங்குடா ஹோட்டலில் வெளிச்சக் கண்காட்சியாம். சுவரிலும் தரையிலும் படம் ஓடுமாம், நாங்கள் படத்துக்குள்ளேயே நடக்கலாமாம். ஊரிலுள்ள சின்னப்பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை இலவசமாம். சண்டைக் காலத்தில் இயக்கக்காரர் எங்கள் முஸ்லிம் ஆட்களை மன்னாரைவிட்டுப் போகச் சொன்னதும் மைக்கில்தான் என்று உம்மா சொல்வார். நான் பிறந்தது அதற்குப் பிறகு, புத்தளத்து முகாமில். ஆனாலும் மைக் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு ஓடிவந்து கடைசிச் சொல்வரைக்கும் கேட்பேன்.

"ஏன் வியாழக்கிழமை?" என்று நேர்சரி டீச்சர் ஸஃப்னாவிடம் கேட்டேன்.

"ஜுனைதா ராத்தா, ஒங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம். ஐஸ்கிறீம் தந்தாலும் அதப் பிரிச்சுப் பாப்பீங்க."

"பாப்பன்தான். அதே வியாழக்கிழமதானே காணி அதிகாரிமாரும் வாறாங்க?"

ஸஃப்னா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வீட்டுச் சோறு. ஹோட்டல் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கரையில்தான் என் புருஷன் ஹாசிமும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர்களும் மீன்பிடிப் போட்களை இழுத்துப் போடுவார்கள். அந்தக் கரை வெறுமையாகக் கிடக்கிறது, ஒருவரும் பாவிப்பதில்லை, எங்களுக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று ஹோட்டல்காரர் கேட்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அதிகாரிகள் வருகிறார்கள். கரை கைவிட்டுப் போனால் போட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒவ்வொரு கரைக்கும் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வந்தான் வரத்தான் என்று பேர் வாங்கியவர்களுக்கு யார் ஒதுங்கி இடம் தருவார்கள்?

ஹாசிமிடம் சொன்னேன். "பிள்ளையள் படம் பாக்கிறதுக்கும் கரைக்கும் என்ன முடிச்சு? போய்ப் பாத்திட்டு வந்து கத" என்றார். மீன்பாடு இல்லாத நாட்களில் அவருக்கு இவ்வளவுதான் பேச்சு.

போகாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மகள் பஹ்மாவுக்கு நாலரை வயது. ஓட்டோவில் சொன்னதை அவளும் கேட்டுவிட்டாள். அதோடு, நான் போகாவிட்டால் அங்கே நடப்பதை யார் பார்ப்பது?

ஹோட்டல் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஒரே இருட்டு. இருட்டுக்குள் பிள்ளைகளை விடச் சொன்ன புண்ணியவான் யாரோ என்று முணுமுணுத்தபடி பஹ்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று நாலு சுவரிலும் கடல் வந்தது. அலை புரண்டு தரையில் ஓடி எங்கள் கால் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் கீச்சென்று கத்தினார்கள். பஹ்மா நனையாமல் இருக்கச் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். நானும் அபாயாவைத் தூக்கிவிட்டேன். வெளிச்சம் நனைக்காது என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. ஸஃப்னா பார்த்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மீன் வெடுக்கு மணக்காத கடலை நான் எப்படி நம்புவது?

அடுத்த அறையில் தாளும் கலர்ப் பென்சிலும் வைத்திருந்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொண்டவன் றொகான் என்ற சிலாபத்து இளைஞன். "கடல்ல உள்ளத எது வேணும்டாலும் கீறுங்க பிள்ளையள்" என்றான். இன்சாப் என்கிற சிறுவன் ஒரு போட் கீறிக் கொடுத்தான். றொகான் தாளை மெஷினுக்குள் வைத்தான். அந்தப் போட் அப்படியே சுவருக்குப் போய் அலையில் ஆடத் தொடங்கியது. அவ்வளவுதான். எல்லாருக்கும் போட் வேண்டும். பஹ்மா நீலத்தில் கீறி, நடுவில் பச்சைக் கோடு போட்டாள். எங்கள் போட்டுக்கு ஹாசிம் பூசிய நிறம் அது. சுவர் முழுவதும் எங்கள் ஒழுங்கைப் போட்கள் ஆடின. எனக்கே ஒரு நிமிடம் மனது இளகிவிட்டது. அட, சும்மா சந்தேகப்பட்டுவிட்டேனே என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது அறைக்குள் கால் வைத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே தரையில் விரிந்து கிடந்தது எங்கள் கரை. மேலேயிருந்து எடுத்த படம். ஹோட்டலின் தண்ணீர்த் தாங்கி, சரிந்த சவுக்கு மரம், சுவரில் தூரத்தே நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி, எல்லாம் அச்சாக இருந்தன. எங்கள் போட்கள் மட்டும் இல்லை. வலை வைக்கிற ஓலை வாடிகள் இல்லை. வெறும் மணல், அதன்மேல் வரிசையாகக் குடையும் சாய்வுக் கதிரையும் கீறி வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் கீறிய போட்கள் முந்தின அறையிலிருந்து சுவர்வழியே வந்து அந்தக் கரையில் ஏறத் தொடங்கியிருந்தன. நீலப் போட் சவுக்கு மரத்தடிக்கு வந்ததும் பஹ்மா கைதட்டினாள். ஹோட்டல் ஆள் ஒருவன் நின்று அதைப் போட்டோ எடுத்தான்.

அப்போதுதான் ஹோட்டல் மேனேஜர் ஓடிவந்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவாசலில் மெஷினோடு நின்ற றொகானிடம் சிங்களத்தில் சொன்னார்: "போட் எல்லாத்தையும் எடு. ஐயாமார் வாசலுக்கு வந்துட்டாங்க." எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாராக்கும். முந்தல் சந்தையில் கருவாடு விற்றவளுக்கு விளங்காத சிங்களமா?

றொகான் தயங்கினான். பிறகு மெஷினில் கையை வைத்தான். போட்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நீலப் போட் கடைசியாகப் போனது.

"உம்மா, வாப்பாட போட் எங்க?" என்றாள் பஹ்மா.

மற்றக் கை இதுதான். கைதட்டிச் சிரிக்கிற ஊர்ப் பிள்ளைகள், ஆளில்லாத கரை, இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிட்டால் அதிகாரிமாருக்கு வேறென்ன வேண்டும்?

"தம்பி, இந்தப் படம் எப்ப எடுத்தது?" என்று றொகானிடம் கேட்டேன்.

அவன் மேனேஜரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "போன வருஷம் ஓகஸ்ட்ல, அக்கா."

ஓகஸ்ட். கச்சான் காற்று தலைவிரித்து ஆடுகிற மாதம். கடல் பொங்கும். போட்களை டிரக்டரில் ஏற்றி அலையில்லாத களப்புப் பக்கம் கொண்டுபோய்விடுவோம், வாடிக் கிடுகையும் கழற்றிவிடுவோம். காற்று விழுந்தபிறகுதான் கரைக்குத் திரும்புவோம். இப்போதும் அந்தக் காலம்தான். அதிகாரிகள் வெளியே போய்ப் பார்த்தாலும் வெறும் மணலைத்தான் காண்பார்கள். நாள் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் யோசிக்கவில்லை. "பிள்ளையள், ஒங்கட வாப்பாட போட் கரையில எங்க நிக்கும்? ஓடிப் போய் அந்த இடத்தில இருங்க" என்றேன்.

ஓடினார்கள். பஹ்மா சவுக்கு மரத்தடியில் போய்ச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். இன்சாப் முதலில் ஓரிடத்தில் இருந்துவிட்டு, "இல்ல, எங்கட போட் தாங்கிக்கு நேர" என்று நகர்ந்து இருந்தான். ஒரு பிள்ளை சாய்வுக் கதிரையின் மேலேயே இருந்தது. கரை நிறைந்துவிட்டது. ஸஃப்னா ஒரு கணம் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. கூடப்பிறந்த நானாவின் போட் நிற்கிற இடத்தில் போய் அவளும் இருந்துவிட்டாள்.

அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒரு பெண். "பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறாங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"விளையாடுறாங்க, மேடம்" என்றார் மேனேஜர்.

"விளையாட்டு இல்ல, மேடம்" என்றேன். படம் எந்த மாதத்தில் எடுத்தது, போட்கள் இப்போது எங்கே நிற்கின்றன, ஏன் நிற்கின்றன, எல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்லிக் குடுத்து இருக்க வச்சிருக்கலாமே?" என்றார் அந்த அம்மா. சந்தேகப்படுகிற ஒருவரைக் கண்டதும் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

"நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் பிள்ளைகளை எழும்பச் சொல்லி, சுவரோரம் கொண்டுபோய்க் கலந்து நிற்கவிட்டார். "இப்ப போய் ஒங்கட வாப்பாட இடத்தில இருங்க பாப்பம்." பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒருவரை ஒருவர் இடிக்காமல், முதல் இருந்த அதே இடங்களில் போய் இருந்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

"ஒக்டோபர் கடைசியில காத்து விழும்தானே? அப்ப வந்து பாக்கிறன். அதுவரைக்கும் இந்தக் கரையப் பத்தி ஒண்டும் முடிவில்ல" என்றார். மேனேஜர் என்னவோ சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போனார்.

"ராத்தா, வெண்டுட்டீங்க" என்று ஸஃப்னா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பஹ்மாவை. அந்த அம்மா எல்லாரையும் எழுப்பியபோது அவள் ஒருத்தி மட்டும் எழும்பவில்லை. இப்போதும் சவுக்கு மரத்தடியிலேயே இருந்தாள். மற்றப் பிள்ளைகள் வெளியே பிஸ்கட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

"வாங்க மகள், போவம்."

"மாட்டன். நான் எழும்பினா அழிச்சிருவாங்க."

நாலரை வயதில் நினைக்கிற நினைப்பா இது? எனக்கு என் உம்மாவிடமிருந்து வந்தது, அவளுக்கு என்னிடமிருந்து போய்விட்டது. எதைக் கொடுத்தேனோ இல்லையோ, இதைக் கொடுத்துவிட்டேன்.

றொகான் அதைக் கேட்டிருக்க வேண்டும். அவள் கீறிய தாளைத் தேடி எடுத்து மெஷினுக்குள் வைத்தான். நீலப் போட், பச்சைக் கோட்டோடு, சுவர்வழியே வந்து அவள் பக்கத்தில் ஏறி நின்றது.

"பாருங்க தங்கச்சி, வாப்பாட போட்" என்று கை நீட்டிக் காட்டினான்.

பஹ்மா போட்டைப் பார்க்கவில்லை. அவன் நீட்டிய கையையும் பார்க்கவில்லை. மெஷின்மேல் இருந்த அவனுடைய மற்றக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.