மனுவில் என் வரி

எங்கள் மாலை வகுப்பில் எல்லாக் கணினிகளும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை. கைபேசியைச் செருகினால் தொடர்பு எண்கள் ஒத்திசைவதில்லை. அதற்கொரு மென்பொருள் கேட்டுக் கைபேசி நிறுவனத்துக்கு நான்தான் மனு எழுதினேன், மூன்று முறை திருத்தி. “நாங்கள் வேறு இயங்குதளம் எதையும் தொடுவதில்லை” என்று எழுதும்போதே அண்ணனின் விண்டோஸ் மடிக்கணினி நினைவுக்கு வந்தது. வரி எடுப்பாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று வகுப்பு நடத்தும் அக்காவோடு நிறுவனத்துக்குப் போனேன். அதிகாரி என் எண்ணைத் தட்டி, என் கணக்கைத் திறந்து பார்த்தார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை விண்டோஸ்ல சிங்க் பண்ணியிருக்கீங்களே?”

“அது... அண்ணனோட லேப்டாப் சார்.”

“சார், வகுப்புல மத்த நாப்பது பேருக்கு அந்த வழியும் இல்ல” என்றார் அக்கா.

“மனு எழுதினவரே கட்சி மாறிட்டாரேம்மா! மத்தவங்கள எப்படி நம்புறது?”

சிரித்துக்கொண்டே மனுவை எங்கள் பக்கம் தள்ளினார்.

படியிறங்கும்போது அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“உள்ளது உள்ளபடி மறுபடி எழுதுவோம். இந்தத் தடவை நீ எழுத வேண்டாம்ப்பா.”

“சரிக்கா” என்றேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.