அரை அடி நகர்ந்த சுவர்

மாமனாரின் கட்டட வரைபட அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் பெரிய மருமகள் வைத்ததுதான் சட்டம். எட்டு மாதத்துக்கு முன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவளும் கட்டடக்கலை படித்தவள். வேலையில் சேர்ந்த வாரமே, "மாமா, இன்னும் கோடு கோடா வரையுற இந்தப் பழைய சாஃப்ட்வேர்தானா? இப்ப கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள்ள எழுப்பலாம்" என்றாள்.

மாமனாரின் முகம் மலர்ந்தது. தன் முதல் வரைபடத்தைப் பார்த்தபோதும் அவர் முகம் இப்படித்தான் மலர்ந்தது என்பது பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. வயிறு பற்றி எரிந்தது.

"ஒரே ஆஸ்பத்திரியை ரெண்டு பேரும் வரைங்க. வெள்ளிக்கிழமை பாத்துட்டு எந்த சாஃப்ட்வேர்னு முடிவு பண்ணலாம்" என்றார் அவர்.

வியாழன் மதியம் சின்னவள் சாப்பிடப் போயிருந்தாள். திரையில் அவள் கட்டடம் திறந்தபடி கிடந்தது. பெரியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, படிக்கட்டுப் பக்கத்து வெளிச்சுவரை அரை அடி தள்ளி வைத்தாள். தரைப்படம் ஒன்று சொல்லும், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற வெட்டுத்தோற்றம் வேறொன்று சொல்லும். நாளைக்கு மாமா முன்னால் மூக்குடைபடட்டும்.

வித்தியாசம் தெரிகிறதா என்று வெட்டுத்தோற்றத்தைத் திறந்தாள். அங்கேயும் சுவர் நகர்ந்திருந்தது. சன்னலும் சுவரோடு போயிருந்தது. பரப்பளவுப் பட்டியல்கூடத் தானாக மாறியிருந்தது. பெரியவளின் பழைய சாஃப்ட்வேரிலோ ஒரு சுவரை நகர்த்தினால் ஒன்பது தாளைக் கையால் திருத்த வேண்டும். போன மாதம் ஒரு தாளை மறந்ததற்குக் கொத்தனார் வீடு தேடி வந்து கத்திவிட்டுப் போனார்.

"என்னக்கா, என் சீட்ல?" சின்னவள் பின்னால் நின்றாள்.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. "சுவத்தை நகர்த்திட்டேன். நாளைக்கு நீ அசிங்கப்படணும்னுதான்" என்று சொல்லிவிட்டாள் பெரியவள்.

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. குனிந்து இரண்டு பொத்தானைத் தட்டினாள். சுவர் பழைய இடத்துக்கு வந்தது. அதன்பின் அன்று நாற்காலியை விட்டு எழுந்தபோதெல்லாம் திரையைப் பூட்டிவிட்டே போனாள்.

மறுநாள் பெரியவள்தான் முதலில் வாய் திறந்தாள். "அவ சொல்றதையே வாங்குங்க மாமா. நானே நோண்டிப் பாத்துட்டேன். கெடுக்கவே முடியல."

மாமனார் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். சின்னவள் சிரிக்கவில்லை. ஆனால் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை பெரியவள் தன் நாற்காலியை இழுத்துச் சின்னவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அந்த விரல்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்க மனசு பொருமியது.

"மெதுவாடி. மாமா வர்றதுக்குள்ள சொல்லிக்குடு."

சின்னவள் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினாள். "தொடுங்கக்கா. இப்பதான் நான் பக்கத்துலயே இருக்கேனே."