பலகையில் எழுதிய தப்பு

எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் அவளுக்கு மைனா என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் பிசகாமல் ஒப்பிப்பாள். பாடக்குறிப்பு, கேள்வித்தாள், பிள்ளைகளைப் பாராட்டும் வரி எல்லாமே அவளுக்கு ஏஐதான் எழுதித் தரும். "எனக்கெதுக்குக்கா ரெண்டு மூளை?" என்பாள்.

பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரே ஒரு வேலை காலி. போட்டி எனக்கும் மைனாவுக்கும்தான். "இந்த வருஷம் வேலை கிடைக்கலன்னா வீட்டோட இருந்து புள்ளைய பாத்துக்க" என்று மாமியார் கறாராகச் சொல்லியிருந்தார். என் கணவரோ அம்மா முன்னால், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர்.

கடைசி மாதிரி வகுப்பு. மூன்று துண்டுகள் வெயிலில் காய மூன்று மணி நேரம் ஆனால், ஒன்பது துண்டுகள் காய எத்தனை மணி என்று ஏஐயிடம் கேட்டிருந்தேன். ஒன்பது என்று கூசாமல் சொன்னது. அதை அப்படியே பலகையில் எழுதி, "இது மெஷின் போட்ட கணக்கு. தப்பைக் கண்டுபிடிங்க" என்றேன்.

வகுப்பே அதகளப்பட்டது. அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "எல்லாத்தையும் ஒண்ணாத்தானே டீச்சர் காயப்போடுவோம்? மூணு மணிதான்!" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். அவர் கண்ணில் பட்டது பலகையில் இருந்த ஒன்பது மட்டும். தப்பான விடையைப் பலகையில் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மாலை எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வகுப்புல ஏஐ வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா சரிபாத்துத்தான் பயன்படுத்தணும்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"அது தப்பு சொல்லுதுன்னு தெரிஞ்சே பிள்ளைங்ககிட்ட கொண்டு போனீங்களா?" என்றார்.

மைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஏஐக்கு இதயம் கிடையாது சார். ஒரு குழந்தையின் கண்ணீரை அதனால் துடைக்க முடியாது. நான் அதைத் தொட்டதே இல்லை."

தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் வசனத்தை எந்தச் செயலி எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு கேள்வி வரும் என்று, காலையில் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கைப்பேசியைப் பார்த்து அதை உருப்போட்டாள். சொல்லியிருக்கலாம். பொறாமையில் புழுங்குகிறாள் என்பார்கள்.

வேலை அவளுக்கு. வெளியே வந்ததும், "அக்கா, அந்தத் துண்டு பாடம் சூப்பர். எனக்கு அனுப்பி விடுங்களேன்" என்றாள். ஓங்கி அறையலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார்தான் எடுத்தார்.

"கிடைக்கலையா? போகட்டும் விடுமா. சாப்பிட்டியா? வெயில்ல நிக்காம சீக்கிரம் வா தாயி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதே இல்லை.