டீக்கரண்டி போன பாட்டில்

கழுவின பாட்டில்கள் பெல்ட்டில் ஏறி, வெள்ளை விளக்கின் முன்னால் வரிசையாக ஓடும். கீறல் விழுந்ததையும், உள்ளே குப்பை கிடப்பதையும் பிடுங்கித் தொட்டியில் போடுவது அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வேலை. நேற்று ஒரு பாட்டில் அவர்களைத் தாண்டிப் போயிருந்தது. உள்ளே முழுசாக ஒரு டீக்கரண்டி.

சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் கழுகு. காலையிலேயே வந்து குதித்தார்.

“ஊசின்னாலும் ஒத்துக்குவேன். கரண்டிம்மா! இன்னிக்கு நானே கெட்ட பாட்டில கலந்து விடுவேன். ஒண்ணு தப்பினாலும் ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க.”

முதுகு உடைந்து அண்ணன் படுக்கையில் கிடந்தான். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த இரண்டு பேர் கூலியில்தான்.

“கண்ணக் கொட்டாமப் பாத்தேன் அண்ணி, சத்தியமா.”

“நானுந்தான்டி. ரெண்டு பேரும் கீறலையே தேடிக்கிட்டிருந்தோம். கரண்டி எங்க கண்ணுல படும்? இனி நீ கண்ணாடிய மட்டும் பாரு. உள்ள யானையே நின்னாலும் உனக்கு வேணாம்.”

“யானைய விட்டுட்டா?”

“அதுக்குத்தான நான் இருக்கேன்.”

பெல்ட் ஓடியது. பழக்கதோஷம், ஒரு கீறலைக் கண்டதும் அண்ணியின் கை நீண்டது. நாத்தனார் பட்டென்று தட்டிவிட்டாள். “என் வேலையில கை வைக்காதீங்க.” அதன்பிறகு அண்ணி கண்ணாடியையே மறந்தாள். உள்ளே இருக்கும் வெற்றிடத்தை மட்டும் பார்த்தாள். ஆணி வந்தது, எடுத்தாள். தக்கைத் துணுக்கு, எடுத்தாள். கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் தாளையும் விடவில்லை. பக்கத்தில் நாத்தனார் கை விளிம்பு உடைந்ததையும் மயிரிழைக் கீறலையும் கொத்திக்கொண்டே இருந்தது.

பெல்ட் நின்றது. கழுகு தொட்டியைக் கிளறினார். அவர் கலந்து விட்டது அத்தனையும் கிடந்தது. அவர் கலக்காததும் கிடந்தது.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். திரும்பினால், முதலாளி.

“ஐயா, எப்ப வந்தீங்க?” அண்ணி பதறி எழுந்தாள்.

“வந்து அரைமணி நேரமாச்சு. விளக்குப் பக்கத்துலயேதான் நின்னேன். ரெண்டு தடவ இருமினேன். நெஜமாவே என்னப் பாக்கலையா?”

அண்ணி அவசரமாகக் கும்பிட்டாள். நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

“எப்படிய்யா தெரியும்? உங்க மேல கீறலும் இல்ல, பாட்டிலுக்குள்ளயும் நீங்க வரல.”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “கழுகு, நாளையிலேருந்து எல்லா பெல்ட்டும் இவங்க மாதிரியே ஓடட்டும்.”

முதலாளி வாயிலேயே அந்தப் பட்டப்பெயர்! கொட்டகை முழுக்க விசில் பறந்தது. அண்ணி கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

“பெல்ட்டப் போடுங்க.”