அப்பாவுக்கு முடியல

ஃப்ரீசர் பெட்டியை நாலு பேர் சாய்த்துப் பிடித்து வாசற்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது தருமனின் சட்டைப்பையில் மறுபடியும் போன் அதிர்ந்தது. அவருடைய போன் இல்லை. மகன் புகழேந்தியுடையது. அவன் செத்துப்போனது அதற்குத் தெரியாது. காலை பதினோரு மணியிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எடுத்து விஷயத்த சொல்லிடுங்கப்பா," என்றான் அய்யூப். புகழேந்தியைப் போலவே அவனும் மனை புரோக்கர். "பார்ட்டிங்க அங்கங்க வெயில்ல நிப்பாங்க."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பார்ட்டிய தட்டிக்கறதுக்கு அவன சாவடிக்கறேன்னு நெனப்பாங்க."

அதுவும் நியாயம்தான். தருமனும் எவனையும் நம்பியவர் இல்லை. முப்பது வருஷம் மண்டியில் மூட்டை தூக்கியவர். எடைக்கல்லையே ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். யாருக்கும் பயந்தவரும் இல்லை. இந்தப் போன் ஒன்றுக்குத்தான் பயம்.

புகழேந்திக்கு நேரம் காலம் கிடையாது. விடிகாலை மெட்ராஸ் பஸ்ஸில் இறங்குகிறவனுக்கு வேங்கிக்கால் மனை. ஒன்பது மணிக்கு ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரிக்கு வாடகை வீடு. உச்சி வெயிலில் கீழ்பென்னாத்தூர் நிலம். பௌர்ணமி வந்தால் இன்னும் மோசம்; ஆந்திராக்காரர்கள் மலையைச் சுற்றி முடித்த காலோடு மனை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பான். இரண்டு பேரைத் தள்ளிப்போட ஒரே பொய்தான் வைத்திருந்தான். "அப்பாவுக்கு முடியல சார். ஆஸ்பத்திரில இருக்கேன்."

முதல் தடவை அதைக் கேட்டபோது தருமன் சோறு தின்றுகொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. அன்று முழுக்க அவர் ரோட்டைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தார். அதற்கப்புறம் மாசத்துக்கு நாலு தடவை மகன் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தான். வாய்விட்டுச் சொன்னது எங்கேயோ பதிவாகிக்கொண்டிருக்கிறது, ஒருநாள் வீடு தேடி வரும் என்று அவருக்கு நிச்சயம்.

இன்று காலையும் அதே கதை. இட்லி தட்டில் ஆறிக் கிடந்தது. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பாவுக்கு மூச்சு வாங்குது சார். காட்டிட்டு சாயங்காலமா வந்துடறேன்," என்றான்.

"உங்கப்பன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். வேற யாரயாவது படுக்க வையேன்டா."

"வேற யாரு நைனா இருக்கா? உன் மருமவ ரேவதிய சொன்னா அவ என்னப் படுக்க வச்சிடுவா." சிரித்தபடியே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான்.

"என்னடா?"

"கேஸு. நேத்து நின்னுக்கினே பரோட்டா தின்னது."

தருமன் நம்பினார். ஒருவன் சொன்னதை அவர் அப்படியே நம்பியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வேங்கிக்காலில் எல்லைக்கல்லில் சாய்ந்து, காதில் போனோடு உட்கார்ந்திருந்தானாம். போன் பேசுகிறான் என்று நினைத்து, வந்தவர்கள் டேப் பிடித்து மனையை அளந்து முடித்துவிட்டார்கள். கிழக்கு எது என்று கேட்க வந்த ஆள்தான் தோளைத் தொட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கக்கூட வைக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெட்டிக்குள் கிடத்தி மூடினார்கள். போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுங்க மாமா," என்றாள் ரேவதி. புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "யாரோ காத்துனு இருக்காங்க. சொல்லிடுங்க."

தருமன் போனை வெளியே எடுத்தார். இந்தப் போனில் சொன்னது பலிக்கிறது. ஆள் மட்டும் மாறிப்போகிறது. செத்துட்டான் என்று இதில் சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது. பச்சையைத் தேய்த்துக் காதில் வைத்தார்.

"புகழ் சாருங்களா?" வயசான குரல். "கீழ்பென்னாத்தூர் நிலம் பாக்க வரச் சொன்னீங்களே, பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம். காலைல அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னீங்க. இப்ப எப்படி இருக்காரு?"

தருமன் பெட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். உள்பக்கம் லேசாகப் பனி படர்ந்திருந்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஜாஸ்தியாயிடுச்சுங்க," என்றார். "அப்பாவுக்கு முடியல. அவன் ஆஸ்பத்திரில இருக்கான். அப்பா கூடவே இருக்கான்."

"அடடா. அவர மொதல்ல அப்பாவ கவனிக்கச் சொல்லுங்க. நெலம் எங்க போயிடப் போவுது? நாங்க இன்னொரு நாளு வரோம்."

"சரிங்க. சொல்றேன்."

அய்யூப் தலையைக் குனிந்துகொண்டான். ரேவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

போனில் சார்ஜ் நாலு சதவீதம் என்று சிவப்பாகக் காட்டியது. தருமன் மகனின் சார்ஜரைத் தேடி எடுத்துவந்தார். பெட்டியின் வயரைச் சொருகியிருந்த பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் சொருகி, போனை அவன் தலைமாட்டில் வைக்கப் பார்த்தார். வயர் எட்டவில்லை.

"அய்யூப்பு," என்றார். "பெட்டிய லேசா இந்தாண்ட நகத்து."