செத்த தொட்டியில் பிழைத்தவை

1

இந்தக் கதை ஒரு தயிர் டப்பாவில் தொடங்கியது. டப்பா என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்கு முன் எழுதிய நான்கு தொடக்கங்களிலும் அதை வேறு யார் கையிலாவது திணிக்கப் பார்த்தேன். ஒன்றில் அது லாரி டிரைவருடையது. இன்னொன்றில் “யாரோ ஒருவன்” வருகிறான். நல்ல வரிகள்தான். அத்தனையும் புளுகு.

2

ஐம்பதாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி. உள்ளே சர்க்கரைக் கரைசல். அதில் பாக்டீரியா, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவின் பங்காளி. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடும். அதை வைத்துத் தோல் பதப்படுத்துகிறார்கள், மட்கிப்போகும் கோப்பை செய்கிறார்கள், உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் தையல் நூல் செய்கிறார்கள். அமிலம் கூடினால் அதை விட்டவையே செத்துப்போகும். அதனால் புளிப்பு ஏற ஏற ஒரு பம்பு தானாகச் சுண்ணாம்புப் பால் விடும். டக். டக். டக். உள்ளே உயிர் இருக்கிறது என்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே சத்தம் அது.

(இரவு ஷிஃப்டில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும் என்று நினைத்தார்கள். எனக்கும் போதும். பட்டப்பெயர் தூங்குமூஞ்சி.)

3

விதையறை அக்காவை எழுதுவதுதான் கஷ்டம். வீட்டில் உறைமோர் என்பதை ஆலையில் விதை என்பார்கள். தொட்டிக்குப் போகும் விதை அவள் அறையில்தான் வளரும். முதலில் எழுதியபோது அவள் என்னிடம், “தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். நிஜத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சொன்னது இது:

“டேய் தூங்குமூஞ்சி, தயிர், மோர் எதுவும் கேட்டுக்குள்ள வரக் கூடாது. அதுல ஒரு வைரஸ் இருக்கும். உன்னை ஒண்ணும் பண்ணாது. என் பிள்ளைங்கள மொத்தமா காலி பண்ணிடும்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?”

“வீட்ல ஒண்ணு, அதுவும் தண்டம். இங்க ஒரு சொட்டுக்கு அஞ்சு கோடி.”

4

ஒருநாள் கேன்டீன் குழாயில் தண்ணீர் வரவில்லை. தடையை மீறிக் கொண்டுவந்த தயிர் டப்பாவை விதையறைக் குழாயில் கழுவினேன். அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையையே

வேண்டாம். அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

அந்த அறையிலிருந்து தொட்டிக்கு விதை போனது. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது, பம்பு நின்றது. அக்கா தொட்டிக் கரைசலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கலங்கலாக இருக்க வேண்டியது தெளிந்திருந்தது.

எனக்குப் பயத்துக்கு முன்னால் பிரமிப்புதான் வந்தது. ஒரு டப்பா கழுவிய தண்ணீர். அதில் இருந்த ஏதோ ஒன்று, உயிர் என்றுகூட அடித்துச் சொல்ல முடியாதது, ஒன்று நூறாகி, நூறு பத்தாயிரமாகி, ஒரு வீட்டளவு உயிரைத் தின்று தீர்த்துவிட்டது.

மேலாளர் வந்தார். “யார் கொண்டுவந்தது?”

நான் வாயைத் திறக்கவில்லை.

“என் ரூம். என் பொறுப்பு,” என்றாள் அக்கா.

“பத்து நாள். புது விதை தரணும். இல்லன்னா நீங்க கிளம்பலாம்.”

நான் மறுநாளே கிளம்பிவிட்டேன். கடிதத்தில் எழுதிய காரணம்: உடல்நிலை.

5

மீதி, ஆலைக்குச் சர்க்கரை ஏற்றிவரும் லாரி டிரைவர் அண்ணன் சொன்னது. தொட்டியைக் காலி செய்யுமுன் அக்கா பாட்டில் பாட்டிலாக அதிலிருந்தே பிடித்து வைத்தாளாம்.

“செத்ததுல என்னம்மா தேடற?” என்று இவர் கேட்டாராம்.

“சாகாததை.”

ஒன்பதாம் நாள் பம்பு மறுபடி அடித்தது.

எப்படி என்று பிறகு படித்தேன். சில பாக்டீரியா, தன்னைக் கொல்ல வந்த வைரஸிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுவுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு துண்டு போடும். அந்த எழுத்து பிள்ளைகளுக்கும் போகும். கண் இல்லை, மூளை இல்லை, எழுதுகிறது. அதைப் படித்த அன்று, இந்தக் கதையை எழுதிவந்த நோட்டை மூடி வைத்தேன்.

6

போன வாரம் டிரைவர் அண்ணன் வந்தார். ஏழு வருஷமாக அந்த விதைதான் ஓடுகிறதாம். அக்காவுக்குப் பதவி உயர்வு வரும்போதெல்லாம் கோப்பில் உள்ள ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல் குறுக்கே நிற்கிறதாம். வரும் திங்கட்கிழமை மறுபடி நேர்காணல்.

“அந்த விதைக் குப்பி மேல என்ன பேர் எழுதி ஒட்டியிருக்கு தெரியுமா?” சிரித்தார். “தூங்குமூஞ்சி.”

ஆக, அவளுக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும்.

முடிவு ஒன்று: மேலாளரிடம் போய்ச் சொல்கிறேன், அந்தச் சொல் நீங்குகிறது. முடிவு இரண்டு: அக்கா முன்னால் நிற்கிறேன்; “இப்பதான் முழிச்சியாடா?” என்கிறாள். இரண்டிலும் நான் நல்லவனாகிவிடுகிறேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. டிரைவர் அண்ணன் வாசலில் லாரி இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறார். மேலாளரிடம் அவர் கொண்டுபோய்க் கொடுக்க இந்தக் கதையின் முதல் இரண்டு வரி போதும். “குடுக்கறியா, இல்லையாப்பா?” என்கிறார்.

உங்களிடம் கொடுத்துவிட்டேன் என்பது உறுதி. அவரிடம் கொடுத்தேனா என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லுமுன் ஒன்று: ஏழு வருஷம் வாயைத் திறக்காதவனைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள்.