பாதித் துப்பாக்கி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரின் நீளமான துணிப்பைக்குள் துப்பாக்கிக் குழல் இருந்தது. குழல் மட்டும். சற்று நேரத்தில், முன்பக்க இருக்கையில் இருந்த ஒரு அம்மாளின் பையிலிருந்து துப்பாக்கியின் மரக்கட்டையை எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருக்கக் கணவன் மனைவியால்தான் முடியும்.

இருவரையும் இறக்கிவிட்டு வண்டி கிளம்பியது. நான் இறங்கவில்லை. வாரப் பத்திரிகைக்குப் பக்கம் கொடுக்க வேண்டிய நாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நானே செய்தது. வாரா வாரம் செய்து பழகிய கை, சொல்லாமலே செய்யும். இந்தத் தடவை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

2

முதல் வரிக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பை கனத்தது. அதைவிட அவர் மனம் —

[அடித்துவிட்டேன். கனத்த மனங்களை இத்தனை வருடம் தூக்கியதில் எனக்குத் தோள்வலியே வந்துவிட்டது.]

டுமீல் என்ற சத்தத்தில் புறாக்கள் —

[இதுவும் வேண்டாம். அவரிடம் தோட்டாவே இல்லை. இந்தக் கதையில் யாரும் யாரையும் சுடப்போவதில்லை. அந்த ஆசையோடு வந்தவர்கள் அடுத்த பக்கத்துத் தொடருக்குப் போய்விடலாம். அதையும் நான்தான் எழுதுகிறேன், அதில் சுடுகிறார்கள்.]

அவர் ஒரு வங்கி வாசலில் நிற்கும் காவலாளி.

இந்த வரி நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

வங்கிக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அவரை மட்டும் வேலைக்கு எடுக்கவில்லை. அவரையும் அவருடைய துப்பாக்கியையும் சேர்த்து எடுத்திருக்கிறது. சொந்தத் துப்பாக்கி, இரட்டைக் குழல். அது இருக்கிற வரை அவருக்கு வாசலில் இடம் உண்டு. அது இல்லாவிட்டால் அவர் வெறும் வயதான மனிதர். வயதான மனிதர்களை வாசலில் நிறுத்திவைக்க யாரும் சம்பளம் தருவதில்லை. அசையாமல் நிற்பதால் வங்கியில் அவருக்குச் சிலை என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

துப்பாக்கியோடு பேருந்தில் போகிறவரை யாராவது கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கேட்டால் சிலை வாயைத் திறக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டுவார்.*

* வக்கீல் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். துப்பாக்கி வெளியே போனால் லைசென்ஸும் கூடவே போக வேண்டும் என்றார். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் போதாதா என்று கேட்டேன். "துப்பாக்கியை வீட்டுல பத்திரமா வெச்சுட்டு லைசென்ஸை மட்டும் எடுத்துட்டுப் போங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். இந்தக் கதையில் வரும் சட்டத்துக்கு அவர் பொறுப்பல்ல. நானும் அல்ல.

3

லைசென்ஸ் என்பது நாலாக மடித்த ஒரு தடித்த தாள். முன்பக்கம் புகைப்படம். பின்பக்கம் கட்டம் கட்டமாக, புதுப்பித்ததற்கான முத்திரைகள். நாள் முழுக்க வாசலில் நிற்கிறவரின் வியர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மடிப்புகள் விட்டுப்போயின. புகைப்படத்தில் மீசை கரைந்து உதட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவர் படுத்திருந்தபோது, மனைவி அதை எடுத்துக்கொண்டு போய் நகல் கடையில் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள்.

இங்கே பின்னணி இசை மாதிரி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் போலிருக்கிறது. எழுதவில்லை. அவளுக்கு நல்ல காரியமாகப் பட்டது, செய்தாள். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. மடிக்க முடியாததால் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு போனார். குனிந்தால் குத்தியது. குனியாமல் இருந்தார், அதுதானே அவர் வேலை.

புதுப்பிக்கிற நாள் வந்தது.

4

குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றி, தாளின் பின்பக்கம் வைத்து அழுத்தி எடுத்தார். மை பிளாஸ்டிக்கின் மேலேயே நின்றது. விரலால் தொட்டார். வழிந்தது.

"யாருங்க இதுக்குச் சட்டை போட்டு விட்டது?"

"வீட்டுல."

குமாஸ்தா பிளாஸ்டிக்கின் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். தாளும் கூடவே உரிந்து வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு விதிகளைச் சொன்னார். புதுத் தாள் எழுத வேண்டும். அதற்குப் பழையது அலுவலகத்தில் இருக்க வேண்டும். புதுசு வருகிற வரை துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ரசீது இன்று மாலைக்குள் இங்கே வர வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் காலாவதி.

முதல் வரைவில் இந்தக் குமாஸ்தாவை வில்லனாக்கி, பல் குத்த வைத்திருந்தேன். திருப்பிப் படித்தால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. சரியான விஷயங்களாகவே நாலு பக்கமும் அடுக்கிவிட்டார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிறார்.

தாள் கையில் இல்லாமல் வீட்டில் இருக்கும் துப்பாக்கியை எப்படிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது என்று சிலை கேட்டார். நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நகலில் பிளாஸ்டிக்கின் பளபளப்பு விழுந்து, முகம் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு பூசணம். அதிகாரியிடம் கடிதம் வாங்கலாம் என்றார்கள். அதிகாரி விடுப்பில் இருந்தார். காவல் நிலையத்துக்குப் போன் செய்து நீங்களே வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, எடுத்துப்போய் வெளுத்துத் தருவதற்கு இது சலவைக் கடையில்லை என்று பதில் வந்தது. நிறுவனத்துக்கும் சொல்லிப் பார்த்தார். லைசென்ஸ் காலாவதியானால் நாளையிலிருந்து வாசலில் வேறு ஆள் என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

5

மனைவியை முதலில் அழ வைத்தேன். தவறு தன்னுடையது என்று தலையில் அடித்துக்கொண்டு மூன்று பத்தி அழுதாள். எனக்கே சலித்துவிட்டது. அத்தனையையும் அடித்துவிட்டு, அவளைத் துப்பாக்கிக்கு முன்னால் சும்மா உட்கார வைத்தேன். எண்ணெய் போடுவதற்காக அவர் அதைக் கழற்றிப் பூட்டுவதை எத்தனையோ தடவை பார்த்தவள். இப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"குழலை நீங்க எடுத்துக்கங்க. கட்டை என்கிட்ட இருக்கட்டும். பாதித் துப்பாக்கி எப்படித் துப்பாக்கி ஆகும்? ஒத்தைச் செருப்பைப் போட்டுக்கிட்டு யாராவது ஊருக்குப் போறாங்களா?"

முழுசுக்கு உள்ள சட்டம்தான் பாகத்துக்கும் என்று சிலைக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அன்று காலையிலிருந்து எல்லோரும் அவரிடம் எது கூடாது என்றே சொல்லியிருந்தார்கள். ஒரு வழி என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

[இங்கே எனக்குச் சந்தேகம். வாழ்நாளெல்லாம் தாளோடு நடந்த மனிதர் இதற்குச் சம்மதிப்பாரா? என் மனைவியைக் கேட்டேன். "களைச்சுப் போயிருந்தா சம்மதிப்பார்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. வைத்துக்கொண்டேன்.]

தள்ளித் தள்ளி நிற்க வேண்டும், தனித்தனியாக ஏற வேண்டும், தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும் என்றெல்லாம் வழியில் அவளே திட்டம் போட்டாள். நிறுத்தம் வருவதற்குள் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"மாட்டினா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பாத்துக்கறேன். விறகுன்னு நினைச்சேன்னு சொல்லுவேன். உங்களை மாதிரியா, எனக்குப் பேச வரும்."

6

பேருந்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கியவர்களை அழைத்துப் போனது, அவர்கள் போக வேண்டியிருந்த அதே காவல் நிலையத்துக்கு. மாலைக்கு இன்னும் நேரமிருந்தது. ஒரு விதத்தில் பார்த்தால் காரியம் முடிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் குழலையும் கட்டையையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"குழலும் துப்பாக்கி, கட்டையும் துப்பாக்கி. ஒண்ணு கொண்டுவர வேண்டிய இடத்துல ரெண்டு கொண்டுவந்திருக்கீங்க. ஒரு கேஸ் வர வேண்டிய இடத்துல ரெண்டு கேஸ்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்து பேசினார். தாள் இங்கேதான் இருக்கிறது, ஆள் ஒழுங்கானவர் என்று குமாஸ்தா சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு நாற்காலியைச் சிலையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க பெரியவரே. எனக்குக் கண்ணு இருக்கு, யாரு யாருன்னு தெரியுது. ஆனா நான் பாத்ததை எழுத முடியாது, நீங்க சொல்றதைத்தான் எழுதணும். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. பேப்பர் கையில இல்லாம வந்ததுக்கு உங்களைத் திட்டி, ரசீது கொடுத்து அனுப்பிடலாம். அந்தம்மாவுக்கு லைசென்ஸ் கிடையாது. அவங்க உங்க சம்சாரம்னு சொன்னீங்கன்னா, கொடுத்தனுப்பினது நீங்க. லைசென்ஸ் போயிடும், அவங்க வீட்டுக்குப் போகலாம். யாருன்னே தெரியாதுன்னீங்கன்னா, கட்டையைத் திருடினதா அவங்க மேல எழுதியாகணும். இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது. சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. இதே கேள்வியை இன்னும் எத்தனையோ பேரிடம் கேட்க வேண்டியிருக்கிற அலுப்புதான் இருந்தது.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று. "என் சம்சாரம்" என்கிறார். துப்பாக்கி போகிறது, வேலை போகிறது. வீடு வருகிற வரை அவள் திட்டிக்கொண்டே வருகிறாள்: "ஒரே ஒரு வார்த்தை. அதை மாத்திச் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" வாசகர்களுக்குப் பிடிக்கும், கடிதம் வரும். ஆனால் எனக்குத்தான் பக்கம் அங்கே முடிகிறது; அவர்களுக்கு மறுநாள் விடிகிறது. வாசலில் நின்று பழகியவர் வீட்டுக்குள் நிற்கிறார். இந்த வயதில் அவள் யார் வீட்டுக்கோ பாத்திரம் துலக்கப் புறப்படுகிறாள், அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து.

இரண்டு. "தெரியாது" என்கிறார். அவளே கேட்டுக்கொண்டதுதான். ரசீது கிடைக்கிறது, வேலை நிலைக்கிறது. விறகு என்று நினைத்ததாக அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. அவர் "தெரியாது" என்றதைக் கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

அவள் மெல்லத் தலையசைத்தாள், சரியாகச் செய்துவிட்டீர்கள் என்பது போல —

[முடியவில்லை.]

மூன்று. பேருந்தில் இருந்த எழுத்தாளர் ஒருவர் பின்னாலேயே வந்து, நல்ல வார்த்தை பேசி, இருவரையும் மீட்டு —

[இது நடக்கவில்லை.]

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். ஏதாவது ஒன்றைப் போடுங்கள் சார், பக்கம் காத்திருக்கிறது, இதற்கெல்லாமா இவ்வளவு யோசிப்பார்கள் என்றார். அவர் சொல்வது நியாயம்தான். இத்தனை வருடமாக யோசிக்காமல்தான் போட்டிருக்கிறேன். எத்தனையோ பேரைச் சேர்த்துவைத்தேன், எத்தனையோ பேரைப் பிரித்தேன், பக்கத்தின் நீளத்தைப் பார்த்து. இந்த இரண்டு பேருக்கு மட்டும் கை வரவில்லை. ஒரு சொல்லை எழுதினால் அவர் வாழ்நாள் வேலை போகிறது, மற்றதை எழுதினால் அவளை அங்கே விட்டுவிட்டு அவர் தனியாக வெளியே நடக்க வேண்டும்.

அதனால் இப்போதைக்கு எல்லோரையும் அப்படியே வைத்திருக்கிறேன். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். சிலை உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறார். எதிர் பெஞ்சில் மனைவி. அவருக்குப் பொய் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அந்தச் சொல்லை நீங்கள் எழுதுங்கள். எது எழுதினாலும் நான் அடிக்க மாட்டேன். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவள் முதுகைத்தான் திருப்பியிருக்கிறாள், காது கேட்கும்.